உடல் கடிகாரச் சீர்குலைவும் ஆல்சைமர் நோயும்

மனித உடலின் பெரும்பாலான வேலைகள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் நடக்கின்றன. உறக்கம், விழிப்பு, பசி, உடல் வெப்பம், இரத்த அழுத்தம், ஹார்மோன் சுரப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் நாளில் ஒரு ஏற்றமும் ஓர் இறக்கமும் உண்டு. இது சர்க்கேடியன் சுழற்சி எனப்படுகிறது. 'ஏறத்தாழ ஒரு நாள்' என்ற பொருள் தரும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர். இச்சுழற்சியை நடத்தும் உள்ளமைப்பைத் தமிழில் உடல் கடிகாரம் அல்லது உயிரியல் கடிகாரம் என்பர்.

ஆல்சைமர் நோயாளிகளிடம் இந்தக் கடிகாரம் குலைந்திருப்பது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. இரவில் விழித்திருப்பதும் பகலில் தூங்கி வழிவதும் நோயின் விளைவு மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கடந்த 20 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றியுள்ளன. நினைவு தவறத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடிகாரம் பிசகத் தொடங்குகிறது என்றும், அந்தப் பிசகு நோயை விரைவுபடுத்தவும் கூடும் என்றும் அவை காட்டுகின்றன.

மறதிநோய் என்பது நினைவு, சிந்தனை, அன்றாடச் செயல்திறன் ஆகியவை படிப்படியாகக் குறையும் நிலையின் பொதுப்பெயர். அதன் காரணங்களுள் முதன்மையானது ஆல்சைமர் நோய். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமப்புறங்களிலும் இது கூடுதலாக இருப்பதாகவும் அந்த ஆய்வு கண்டது. மறதிநோய் நகரத்து நோய் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர் எதிரானது.

ஒட்டன்சத்திரத்தின் இரவு

உடல் கடிகாரம் எங்கெல்லாம் குலைகிறது என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் நல்ல எடுத்துக்காட்டு. தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று இவ்வூரில் உள்ளது. சுற்று வட்டாரத்தில் விளையும் முருங்கை, தக்காளி, வெங்காயம், கத்தரி முதலியவை இங்கு வந்து சேர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. கேரளத்துக் கடைகளில் காலையில் காய் இருக்க வேண்டுமானால் லாரி இரவில் ஓட வேண்டும். எனவே மூட்டை ஏற்றும் தொழிலாளி, ஓட்டுநர், கிளீனர், கணக்கெழுதுபவர், சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் எனப் பலருக்கு ஊர் உறங்கும் நேரமே வேலை நேரம். மாவட்டத்தின் கிழக்கே வேடசந்தூர், திண்டுக்கல் பகுதிகளில் உள்ள நூற்பாலைகளிலும் இரவு ஷிப்டு உண்டு. அங்கு பெண்களும் பெருமளவில் வேலை செய்கிறார்கள்.

இரவில் வேலை பார்த்தால் முதுமையில் மறதிநோய் வருமா என்ற கேள்விக்கு இன்றுள்ள விடை முழுமையானதன்று. ஸ்வீடனில் இரட்டையர்களின் பதிவேட்டைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வில், ஷிப்டு வேலை பார்த்தவர்களிடம் பிற்காலத்தில் மறதிநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. பிற ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை. ஷிப்டு வேலை பார்ப்பவர்களின் கல்வி, வருமானம், உணவு, புகைப்பழக்கம் ஆகியவையும் மறதிநோயைப் பாதிப்பவை என்பதால், இரவு விழிப்பின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுப்பது கடினம். ஒரு வழி மட்டும் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. இரவு வேலை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது. அவ்விரண்டும் மறதிநோய்க்கான உறுதிப்பட்ட காரணிகள்.

கடிகாரம் இருக்கும் இடம்

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சூப்ராகயாஸ்மாட்டிக் உட்கரு என்னும் இணை நரம்பணுத் தொகுதி உள்ளது. கடுகைவிடச் சிறிய இத்தொகுதியே உடலின் தலைமைக் கடிகாரம். கல்லீரல், இதயம், தசை என எல்லா உறுப்புகளின் உயிரணுக்களிலும் தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. அவற்றை ஒத்திசையச் செய்வது இந்தத் தலைமைக் கடிகாரத்தின் வேலை. பழ ஈக்களில் இதற்கான மரபணு ஒன்று இருப்பதை 1971-இல் ரொனால்ட் கொனோப்கா, சீமோர் பென்சர் ஆகியோர் காட்டினர். அந்த மரபணுவின் இயக்கத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தானாக ஓடவிட்டால் மனிதக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அதனால் நாள்தோறும் அதைத் திருத்தி வைக்க வேண்டியுள்ளது. அத்திருத்தத்தைச் செய்வது முதன்மையாகக் காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், உருவங்களைக் காட்டாமல் ஒளியின் அளவை மட்டும் உணரும் நரம்பணுக்கள் சில உள்ளன. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இவை நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்பட்டு, தலைமைக் கடிகாரத்துக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகின்றன. இருள் சூழ்ந்ததும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிப்பது அதுவே.

மதுரைச் சோதனைகள்

உடல் கடிகாரம் குறித்த இந்திய ஆய்வுகளில் முன்னோடியானவை ஒட்டன்சத்திரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தன. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஆய்வு செய்து திரும்பிய எம். கே. சந்திரசேகரன் (1937–2009) 1970களில் அங்கு விலங்கு நடத்தையியல் துறையை உருவாக்கினார். அவரும் ஜி. மாரிமுத்து உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் மதுரைக்கு அருகிலுள்ள குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களைக் கவனித்தனர். வெளிச்சமே எட்டாத குகையின் உட்பகுதியில் இருக்கும் வௌவாலுக்கு அந்தி சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்பது அவர்களின் கேள்வி.

ஒரு வௌவாலை இருட்டுக் குகைக்குள் கூண்டில் அடைத்து அதன் அசைவுகளைப் பதிவு செய்தனர். சுற்றிலும் அதன் இனத்து வௌவால்கள் வழக்கம்போல் அந்தியில் வெளியேறி விடியலில் திரும்பியபோது, கூண்டிலிருந்த வௌவாலும் அதே நேர ஒழுங்கில் இயங்கியது. கூட்டம் இல்லாத இடத்தில் தனித்து விடப்பட்டபோது அதன் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. 1981-இல் வெளியான இந்த முடிவு, வெளிச்சம் மட்டுமன்றி இனத்தாரின் நடமாட்டமும் கடிகாரத்தைத் திருத்தி வைக்க முடியும் என்று காட்டியது. வேறோர் இன வௌவாலை அதே குகையில் வைத்தபோது, இலைமூக்கு வௌவால்களின் நடமாட்டத்தால் அதன் கடிகாரம் திருத்தப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. பல்கலைக்கழக வளாகத்தில், நேரத்தை அறிய எந்த வழியும் இல்லாத தனியறையில் தன்னார்வலர்களைப் பல நாட்கள் தங்கவைத்து, அவர்களின் உறக்கமும் விழிப்பும் எவ்வாறு விலகிச் செல்கின்றன என்பதையும் இக்குழுவினர் ஆராய்ந்தனர்.

வௌவாலிடம் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் முதியவர்களின் நிலையை எண்ணும்போது இச்சோதனை நினைவுக்கு வராமல் இருக்காது. வீட்டிலுள்ளோர் சந்தைக்கும் ஆலைக்கும் போய்விட, ஜன்னல் சாத்திய உள்ளறையில் கட்டிலோடு இருக்கும் மூதாட்டிக்கு வெளிச்சமும் இல்லை, சுற்றியிருப்போரின் நடமாட்டமும் இல்லை. சாப்பாடு வரும் நேரமே அவருக்குக் கிடைக்கும் ஒரே மணியோசை.

நோயில் கடிகாரத்துக்கு நேர்வது

நெதர்லாந்து ஆய்வாளர் டிக் ஸ்வாப் தலைமையிலான குழு, இறந்தவர்களின் மூளைகளைப் பரிசோதித்து 1985-இல் ஒரு முடிவை வெளியிட்டது. 80 வயதுக்கு மேல் தலைமைக் கடிகாரத்திலுள்ள நரம்பணுக்கள் குறைகின்றன. ஆல்சைமர் நோயாளிகளிடம் அக்குறைவு இன்னும் கூடுதல். 2016-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் விழித்திரையை ஆராய்ந்து, ஒளியளவை உணரும் மெலனாப்சின் நரம்பணுக்களும் ஆல்சைமர் நோயில் அழிவதைக் கண்டனர். ஆக, செய்தி அனுப்பும் கண்ணும் பழுதாகிறது, செய்தியைப் பெறும் மூளைப் பகுதியும் பழுதாகிறது. மெலடோனின் சுரப்பும் குறைகிறது.

இதன் வெளிப்பாடுகளுள் குடும்பங்களை மிகவும் வாட்டுவது அந்திக் குழப்பம். பகலில் ஓரளவு தெளிவாக இருப்பவர் பொழுது சாயும் நேரத்தில் பதற்றமடைகிறார். சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு 'வீட்டுக்குப் போகணும்' என்று தாழ்ப்பாளை நீக்கப் பார்க்கிறார். எப்போதோ இறந்துபோனவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இதைக் காத்து கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்லும் வீடுகளும் உண்டு. வேண்டுமென்றே செய்கிறார் என்று கடிந்துகொள்ளும் வீடுகளும் உண்டு. கடிகாரச் சீர்குலைவு, மங்கும் வெளிச்சத்தில் பொருட்களும் நிழல்களும் தவறாகத் தெரிவது, நாள் முழுவதன் களைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்த நிலையை உண்டாக்குவதாகக் கருதப்படுகிறது.

காரணமா, விளைவா

ஆல்சைமர் நோயாளியின் மூளையில் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளாகச் சேர்கிறது. டவ் என்ற புரதம் நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்டு முடிச்சுகளாகிறது. அமிலாய்டு படிவு, முதல் அறிகுறிக்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 70 வயதில் மறதி வெளிப்படும் ஒருவருக்கு 50 வயதிலேயே மூளையில் மாற்றம் தொடங்கியிருக்கக்கூடும். உறக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்வதில் உள்ள சிக்கல் இதுவே. 60 வயதில் உறக்கம் கெடுவதைக் கண்டால், அது நோயை வரவழைக்கிறதா அல்லது ஏற்கெனவே வந்துவிட்ட நோயின் முதல் அறிகுறியா என்று எளிதில் சொல்ல இயலாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். எலிகளின் மூளையிலுள்ள அமிலாய்டு பீட்டாவின் அளவு விழித்திருக்கும்போது கூடி, உறங்கும்போது குறைவதை அவர்கள் கண்டனர். தொடர்ந்து உறக்கம் கெடுக்கப்பட்ட எலிகளில் படிவுகள் கூடின. நரம்பணுக்கள் சுறுசுறுப்பாக இயங்கும்போது இப்புரதம் மிகுதியாக வெளியாகிறது என்பதே இதற்கான விளக்கம். மனிதரிடமும் இதை ஒத்த முடிவுகள் வந்தன. 2018-இல், நலமான 20 பேரை ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்து மூளையைப் படம் பிடித்தபோது, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அமிலாய்டு பீட்டா கூடியிருந்தது. 2019-இல் வெளியான ஆய்வில், உறக்கமின்மை மூளைத் தண்டுவட நீரில் டவ் புரதத்தையும் கூட்டுவது தெரிந்தது. ஓரிரவு விழித்ததால் நோய் வந்துவிடும் என்பது இவற்றின் பொருளன்று. மறுநாள் உறங்கினால் அளவு மீண்டும் இறங்கும். ஆண்டுக்கணக்கில் இறங்க வாய்ப்பே கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதே கவலைக்குரியது.

உறக்கத்தைக் குறைக்காமல் கடிகாரத்தை மட்டும் குலைத்தால் என்ன ஆகும்? எரிக் மியூசிக் குழுவினர் எலிகளில் கடிகார மரபணு ஒன்றைச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், அமிலாய்டு அளவின் நாள் ஏற்ற இறக்கம் மறைந்தது, படிவுகள் பெருகின. ஒருவர் எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்பதோடு எந்த நேரத்தில், எவ்வளவு ஒழுங்காக உறங்குகிறார் என்பதும் முக்கியம் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

இத்துறையில் ஊடகங்கள் அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்று உண்டு: உறக்கத்தில் மூளை தன்னைக் கழுவிக்கொள்கிறது என்பது. மைக்கன் நெடர்கார்டு குழுவினர் 2013-இல் வெளியிட்ட எலி ஆய்வே அதன் அடிப்படை. உறக்கத்தில் மூளை உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளி விரிந்து, அதன் வழியே கழிவுகள் விரைவாக வெளியேறுவதாக அவர்கள் கூறினர். 2024-இல் லண்டன் ஆய்வாளர்கள் வேறு முறையில் அளந்து, உறக்கத்தில் இந்த வெளியேற்றம் குறைகிறது என்று நேர்மாறான முடிவை வெளியிட்டனர். விவாதம் முடியவில்லை. பாடநூல் உண்மைபோல இதைச் சொல்வது இப்போதைக்குப் பொருந்தாது.

மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் உள்ளன. நலமாக இருந்த 1,282 முதிய பெண்களின் கையில் அசைவுமானியைக் கட்டி, பகல் இயக்கமும் இரவு ஓய்வும் பதிவு செய்யப்பட்டன. சுழற்சி வலுவிழந்திருந்தவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் மறதிநோயோ அதன் முன்னிலையோ ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது (2011). பிரிட்டன் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு 30 விழுக்காடு கூடியிருந்தது (2021). 50 வயதிலேயே கணக்கெடுத்ததால், நோயே உறக்கத்தைக் கெடுத்தது என்று மட்டும் இதை விளக்குவது கடினம். மறுபுறம், சுமார் 1,400 முதியோரைக் கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு, நோய் முற்ற முற்றச் சுழற்சி மேலும் விரைவாகச் சிதைவதையும் காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்பதே இன்றைய புரிதல். ஆனால் மறதிநோயைத் தடுப்பது குறித்த லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14 காரணிகளில் உறக்கம் இடம்பெறவில்லை. சான்று அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை என்று ஆணையம் கருதியது.

கண்புரையின் பங்கு

அதே பட்டியலில் 2024-இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது பார்வைக் குறைபாடு. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளித்து, நீல ஒளியைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. கடிகாரத்தைத் திருத்தத் தேவையான ஒளி இதுதான். கண்புரை முற்றியவருக்கு வெயிலில் நின்றாலும் கடிகாரத்தை எட்டும் ஒளி குறைவு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 3,000-க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. கண் அழுத்த நோய்க்கான அறுவையில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. பார்வை திரும்பியதால் நடமாட்டமும் பேச்சும் கூடியது காரணமா, கடிகாரத்துக்கு ஒளி கிடைத்தது காரணமா என்பது பிரித்தறியப்படவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்து முதியவர்களுக்கு இச்செய்தி பயன்படக்கூடியது. ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றியுள்ள மாவட்டங்களின் சிற்றூர்களில் முகாம் நடத்திக் கண்புரை நோயாளிகளை அழைத்துச் சென்று இலவசமாகவும் அறுவை செய்து வருகிறது. மறதி உள்ளவருக்குக் கண் அறுவை எதற்கு என்று தள்ளிப்போடுவது பல குடும்பங்களில் உள்ள வழக்கம். அது சரியான முடிவாகத் தோன்றவில்லை.

வெளிச்சமும் மருந்தும்

வெளிச்சத்தை நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் பெரியது நெதர்லாந்தில் நடந்தது. 12 முதியோர் இல்லங்களில் 189 பேரிடம், பகல் முழுவதும் பொது அறைகளில் சுமார் 1,000 லக்ஸ் அளவு வெளிச்சம் வைத்துப் பார்க்கப்பட்டது. 2008-இல் வெளியான முடிவுகளின்படி, அறிவாற்றல் இழப்பு சிறிதளவு மட்டுப்பட்டது, மனச்சோர்வும் குறைந்தது. மெலடோனின் மாத்திரையை மட்டும் தனியே பெற்றவர்கள் சற்று எளிதாக உறங்கினர். ஆனால் அவர்களின் மனநிலை மோசமடைந்தது. வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அத்தீங்கு நீங்கியது.

1,000 லக்ஸ் என்பது ஐரோப்பியக் குளிர்கால அறைக்குள் கூடுதல் விளக்குகள் போட்டுப் பெற வேண்டிய அளவு. கொங்கு நாட்டின் எல்லையோரத்தில் உள்ள ஒட்டன்சத்திரத்தில் ஒரு திண்ணையின் நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். உள்ளறையின் குழல்விளக்கு சில நூறு லக்ஸைத் தாண்டாது. முதியவரைக் காலையில் ஒரு மணி நேரம் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காரவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. வெயில் ஏறுவதற்கு முன் என்பது மட்டும் கவனிக்கத்தக்கது. பகல் தூக்கத்தை அரை மணி நேரத்துக்குள் நிறுத்துவது, சாப்பாட்டையும் குளியலையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் வைப்பது, மாலையில் இருட்டத் தொடங்கும் முன்பே விளக்குப் போட்டு நிழல்களைக் குறைப்பது, பிற்பகலுக்குப் பின் காபி, தேநீரைத் தவிர்ப்பது ஆகியவையும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. இரவுகளை ஓரளவு அமைதிப்படுத்தும்.

திடீரென ஓரிரு நாட்களில் குழப்பம் மிகுந்தால் அதைக் கடிகாரத்தின் மீது போட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இரத்தத்தில் சோடியம் குறைவு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை முதியவர்களிடம் இப்படியே வெளிப்படும். இவற்றுக்கு உடனடி மருத்துவம் தேவை. பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அது தனி நோய், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைகள் முதியவர்களைத் தடுமாறி விழச் செய்வதோடு குழப்பத்தையும் கூட்டும். சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் நினைவாற்றலைக் குறைப்பவை. ஆல்சைமர் நோய்க்குத் தரப்படும் டொனெபெசில் மாத்திரையை இரவில் எடுத்துக்கொள்ளும் சிலருக்குக் கெட்ட கனவும் தூக்கமின்மையும் வரலாம்; மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரவில் விழித்திருக்கும் நோயாளியோடு வீட்டில் இன்னொருவரும் விழித்திருக்கிறார். தமிழகத்தில் அது பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். நோயாளி பகலில் உறங்கிவிடுவார். அவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஷிப்டுக்குப் போகாமலேயே அவருடைய கடிகாரமும் குலைகிறது. வீட்டில் இருவர் இருந்தால் இரவை நடுவில் பிரித்து, முன்னிரவை ஒருவரும் பின்னிரவை மற்றவரும் பார்த்துக்கொள்ளுமாறு முதியோர் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஒருவரே இரவு முழுவதும் அரைத்தூக்கத்தில் கிடப்பதைவிட, நான்கு மணி நேரமாவது தடைபடாமல் உறங்குவது நல்லது. வாரத்தில் இரண்டு இரவுகளுக்காவது வேறு உறவினர் வந்து தங்க ஏற்பாடு செய்ய முடியுமா என்பதும் நோயாளியின் மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.